உருமத்துப் பந்து

"மணி பன்னெண்டரை..."

சிவக்குமார் அதோடு நிறுத்தினார். நாங்கள் நெருங்கி உட்கார்ந்தோம்.

"ராத்திரின்னு நெனச்சுக்காதீங்க. பகல் பன்னெண்டரை. மண்டையைப் பொளக்கற வெயில். உருமம்."

மோகனூர் கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடி. விடிந்தால் முகூர்த்தம். மின்சாரம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. டீசல் வாங்கப் போன ஜெனரேட்டர்காரர் திரும்பி வரவில்லை. கீழே அறைகளில் புழுக்கம் தாங்காமல் ஏழெட்டுப் பேர் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறி வந்திருந்தோம். காவிரிப் பக்கமிருந்து காற்று வரும் என்று நம்பினோம். வந்தது கொசு.

பேய்க் கதை கேட்டது கல்யாணப் பெண்ணின் சித்தி மகள் தனப்பிரியா. கேட்டுவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"பகல்ல வார பேயா?" என்றார் அம்மாசி மாமா. லாரி ஓட்டியே தலை நரைத்தவர். "ராத்திரி ஷிப்ட்டு கெடைக்கலியாட்ட இருக்குது."

"சிரிங்க மாமா. இது என்ற சகலை சபரிநாதன் குடும்பத்துல நடந்ததுங்க. அவங்கப்பா அப்புசாமி சமாச்சாரம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. இருட்டில் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது.

"ரிக்கு அப்புசாமியா? அவரு காசிக்கில்ல போயிட்டாருன்னாங்க?"

"வெளிய அப்பிடித்தான் சொல்லி வெச்சிருக்குது" என்றார் சிவக்குமார்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலை. மல்லூர் தாண்டியதும் இடது கையில் ஒரு சர்வீஸ் ரோடு பிரியும். உருமத்தில் அந்த ரோட்டில் ஒரு ஆளைப் பார்க்க முடியாது. தார் இளகி டயரைப் பிடித்து இழுக்கும். மேலே பாலத்தில் லாரிகள் பறக்கும் சத்தம்... கீழே அத்தனை அமைதி. ரோட்டின் கோடியில் தன்னந்தனியாக ஒரு நீலத் தகரக் கொட்டகை. ஸ்ரீ பொன்னாத்தாள் பவுலிங் சென்டர் என்று பெயர்ப் பலகை. சுற்று வட்டாரத்தில் அதற்குப் பந்தாபீஸ் என்று பெயர். ஜன்னல் கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் பகலும் இரவும் ஒன்றுதான்.

அப்புசாமி திருச்செங்கோட்டுக்காரர். வாழ்நாளெல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர் போட்டவர். ஒருமுறை பெங்களூருக்கு வண்டி போனபோது அங்கே ஒரு மாலில் ஜனங்கள் பந்து உருட்டிக் குதிப்பதைப் பார்த்தார். ஆசை பிடித்துக்கொண்டது. வண்டிகளை விற்றார். மல்லூரில் இருந்த தன் தோட்டத்தைச் சமப்படுத்திக் கொட்டகை போட்டார். பளபளக்கும் மரப் பலகையில் ஐந்து லேன். கோடியில் பாட்டில் மாதிரி பத்து 'பின்' நிற்கும்; உருட்டிச் சாய்க்க வேண்டும். சாய்த்த பந்தை இயந்திரம் வாங்கி, பலகைக்கு அடியில் ஓடும் தடம் வழியாக முன்பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். அங்கே மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடை. கீழே ஒரு மோட்டார் பந்தை ஏற்றிவிட, திமிலின் வாயிலிருந்து 'டொக்'கென்று வெளியே வந்து நிற்கும்.

அப்புசாமிக்கு வலது கையில் நடுவிரல் பாதிதான். ரிக்கில் ராடு மாட்டும்போது போய்விட்டது. ஆனாலும் போர் போட்டு முடித்ததும் குழாயில் மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுக்காமல் இடத்தை விட்டு நகர மாட்டார். மேலும் கீழும் நீளக் கோடு. நடுக்கோடு பாதியிலேயே நின்றுவிடும். கெங்கவல்லிப் பக்கத் தோட்டங்களில் இன்றைக்கும் குழாயைப் பார்த்து 'இது அப்புசாமி போட்ட போர்' என்று சொல்வார்கள். கொட்டகை திறந்த அன்று அத்தனை பந்துக்கும் பட்டை போட்டுவிட்டார். உருட்ட வந்தவர்கள் கையெல்லாம் விபூதி.

"பந்து உருட்ட வந்தமா, பழனிக்கு வந்தமான்னு நானே கேட்டனே!" என்றார் அம்மாசி மாமா.

"அவருக்கு இன்னொரு புடிவாதமும் இருந்துச்சு. ரிக்கை ஓட்ட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த உடமாட்டாரு. ஊட்டுல எழவே உழுந்தாலும் தண்ணியோ, புகையோ, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாத்தான் நிறுத்துவாரு."

முதல் வருடம் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. அப்புறம் சேலத்திலேயே பெரிய பெரிய இடங்கள் வந்துவிட்டன. இங்கே பல்லி கத்தியது. சபரி திருப்பூர் வேலையை விட்டுவிட்டு மனைவி சண்முகப்பிரியாவோடு வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். அப்புசாமி ஒரே ஒரு கெடு வைத்தார்.

"ஞாயித்துக்கெழம போட்டி வெக்கறேன்னியே சாமி, வெய்யி. கொட்டாய் நெறஞ்சா உனக்கு. நெறையலீன்னா திங்கக்கெழம கோழித்தீவன மூட்டை எறங்கும். கொடவுனுக்குக் கேட்ட தீவனக்காரருக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்."

சபரி ஓடினார். ரிக் முதலாளிகள் ஒரு அணி, விசைத்தறிக்காரர்கள் ஒரு அணி, கோழிப்பண்ணைக்காரர்கள் ஒரு அணி என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். சுவருக்கு வண்ணம் அடித்தார். சேலத்திலிருந்து பக்ருதீன் பாயை அழைத்து வந்து இயந்திரங்களைச் சரி செய்தார். பாய் தறி மெக்கானிக். இரண்டாம் லேனில் மோட்டார் எரிந்து போயிருந்தது. புது மோட்டார் வர நாளாகும் என்பதால், ஐந்தாம் லேன் திமிலின் மோட்டாரைக் கழற்றி இரண்டில் மாட்டினார்கள். ஐந்துக்குக் குறுக்கே ஒரு கயிறு. அவ்வளவுதான். அந்த லேன் செத்த லேன்.

புதன்கிழமை... உருமம்.

சபரி மட்டும் உள்ளே இருந்தார். விளக்கு பாதிதான் போட்டிருந்தது. மூன்றாம் லேனில் குனிந்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு ஊதல் சத்தம். காலி பாட்டிலில் வாய் வைத்து மெதுவாக ஊதினால் வருமே...

ஊ...

ஏசி சத்தம் என்று நினைத்தார். ஏசி போடவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கட... கட... கட...

பலகைக்கு அடியில் பந்து உருள்கிற சத்தம். பின்னாலிருந்து முன்னால். நிதானமாக. அவசரமே இல்லாமல். சபரி ஒவ்வொரு லேனாகப் பார்த்தார். யாரும் உருட்டவில்லை. யாரும் இல்லை. சத்தம் அவரைக் கடந்து போனது. காலுக்கடியில் பலகை லேசாக அதிர்ந்தது.

டொக்.

ஐந்தாம் லேன் திமிலில் ஒரு கறுப்புப் பந்து வந்து நின்றது.

கொட்டகையின் பந்துகளில் எல்லாம் எடை எண் பொறித்திருக்கும். இதில் எண் இல்லை. மேலே சாம்பல் நிறத்தில் சேறு, வழவழவென்று ஒரே பூச்சாக. சபரி தொட்டார். கை விறைத்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி குளிர்ச்சி. முகர்ந்து பார்த்தார். அந்த வாசனை அவருக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் சட்டையில் முகர்ந்து வளர்ந்த வாசனை. ரிக் பாறையைக் குடைந்து தண்ணீரைத் தொடும்போது வரும், நனைந்த கல்மாவு வாசனை.

மனைவி பிரியாவிடம் சொன்னார். "மேல தகரம் ஒழுகியிருக்குமுங்க" என்றாள் அவள். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. பந்தைக் கழுவி, துடைத்து, மற்றப் பந்துகளோடு வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்கள்.

காலையில் அந்தப் பந்து அங்கே இல்லை.

உருமத்தில்... கட... கட... கட... டொக். மறுபடியும் சேறு. மறுபடியும் குளிர்ச்சி.

பக்ருதீன் பாய் அன்று பக்கத்திலேயே இருந்தார். திமிலின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வேர்வை.

"தம்பி, இதுல மோட்டார் இல்லையே. நாமதான கழட்டினோம்?"

"ஆமாங்க பாய்."

"அப்ப கீழேருந்து பந்தைத் தூக்கி விடுறது யாரு?"

பாய் ஸ்பேனர்களைப் பையில் போட ஆரம்பித்தார். "மத்த நாலும் நல்லா ஓடுது. ஞாயித்துக்கிழமைக்கு அது போதும். இந்தக் கயித்தை மட்டும் அவுக்காதீங்க."

"அய்யோ..." என்று முனகினாள் தனப்பிரியா. "பெரியவருகிட்டச் சொல்லலியா?"

சிவக்குமார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "அதைச் சொன்னதுதான் தப்பாப் போச்சு, கண்ணு."

வெள்ளிக்கிழமை அப்புசாமியே வந்தார். மகன் பயந்துபோய் எதையோ உளறுகிறான் என்று சிரித்துக்கொண்டே வந்தார். ஐந்தாம் லேன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஊதல் கேட்டதும் சிரிப்பு நின்றது. பந்து வந்தது. அப்புசாமி எழுந்து போய் அந்தச் சேற்றை விரலில் வழித்தார். கட்டைவிரலால் தேய்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அவர் கண்ணில் தண்ணீர் நின்றதாம். பிரியா பார்த்திருக்கிறாள்.

"தண்ணி..." என்றார். "ஈரம் தட்டிருச்சுடா சபரி."

"ஏனுங்கப்பா, என்ன சொல்றீங்க?"

அன்றுவரை யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். கொட்டகை கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு போர் போட்டிருக்கிறார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர், இதே இடத்தில்தான் தேங்காய் எழுந்து நிற்கிறது என்று காட்டினாராம். ஆயிரம் அடி போனது ரிக். புகைதான் வந்தது. வெறும் கல்தூள். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் சொந்தத் தோட்டத்தில் புகை! தொழில்காரர்கள் மத்தியில் தலை காட்ட முடியுமா? ஆட்களை அனுப்பிவிட்டார். குழிக்கு முறையாக மூடி போடவில்லை. மூடி போட்டால் அங்கே போர் இருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு கல் பலகையை இழுத்துப் போட்டார். மேலே மண். மண்ணுக்கு மேலே ஐந்தாம் லேன்.

"உருமத்துல வெறும் போரு மூச்சு உடும். நான் கேட்டிருக்கறேன்" என்றார். "ஆனா ஈரம் தள்ளி உட்டு நான் பாத்ததில்ல. கடப்பாறையை எடு. பலகையைப் பேத்துரலாம்."

"அப்பா! நாளைக்கழிச்சுப் போட்டிங்க. ஆளுங்கெல்லாம் வாராங்க. இப்பப் போயித் தளத்தைப் பேத்தா..."

"ஒரே ஒரு பலகைடா."

"ஒரு பலகையைப் பேத்தா அஞ்சு லேனும் ஆடுமுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்கப்பா. திங்கக்கெழம நானே பேத்துத் தரேன். உங்க காலுல உழறேன்."

"தண்ணி உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

"இந்தக் கொட்டாய் போனா எனக்கு வேற என்னப்பா இருக்குது?"

அப்புசாமி மகனையே பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை சபரியும் பிரியாவும் கோப்பைகள் வாங்க சேலம் போனார்கள். திரும்பும்போது உருமம் கடந்திருந்தது. சர்வீஸ் ரோட்டில் திரும்பியதுமே பிரியா அவர் தோளைப் பிடித்தாள்.

கொட்டகை வாசலில் அப்புசாமியின் மொபெட்.

ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். இருட்டு. கல்மாவு வாசனை மூக்கில் ஏறியது. சபரி விளக்கைப் போட்டார்.

ஐந்தாம் லேன் கோட்டுக்கு முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு. நேராக, லேனைப் பார்த்தபடி கழற்றி வைத்திருந்தது. போர் போடும் இடத்தில் அப்புசாமி செருப்புக் காலோடு நிற்க மாட்டார். செருப்புக்குப் பக்கத்தில் கடப்பாறை. நுனியில் துளி மரத்தூள்கூட இல்லை. பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார் சபரி. ஒரு திருகு நகரவில்லை.

"அப்பா!"

குரல் கொட்டகைக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது.

"கேமரா இல்லியா?" யாரோ கேட்டார்கள்.

"இருந்துச்சு. கல்லாப் பெட்டியைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. தொழில் பண்றவங்க கேமரா வேற எங்க பாக்கும்?" யாரும் சிரிக்கவில்லை.

கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போவது அப்புசாமிக்குப் பழக்கம்தான். கெங்கவல்லியில் இருக்கிறார் தம்பி. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்புசாமியின் போன் வழக்கம்போல வீட்டு அலமாரியில் கிடந்தது.

"போட்டியைத் தள்ளி வெச்சுரலாமுங்க" என்றாள் பிரியா. "மாமாவைக் காணோம். மனசே சரியில்ல."

"தள்ளி வெச்சா அடுத்த ஞாயித்துக்கெழம இங்க தீவன மூட்டைதான் இருக்கும். சித்தப்பா ஊட்டுலதான் இருப்பாரு. பஸ்ஸுல போயிருப்பாரு. காலையில போன் எடுப்பாங்க, பாரு."

"செருப்பில்லாமயா பஸ் ஏறுனாரு?"

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கே சர்வீஸ் ரோடு நிறைய வண்டி. சபரியே எதிர்பார்க்காத கூட்டம். ரிக் முதலாளிகள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தறிக்காரர்கள் விசிலோடு வந்தார்கள். கோழிப்பண்ணை அணி ஒரே நிறத்தில் மஞ்சள் பனியன் போட்டு வந்ததைப் பார்த்து, "குஞ்சு பொரிச்சுக் கூட்டியாந்திருக்கறாங்கடா!" என்று ஒரு குரல். கொட்டகை அதிர்ந்தது. நான்கு லேனிலும் பந்துகள் ஓய்வில்லாமல் உருண்டன. தீவனக்காரரே ஒரு மூலையில் ஜூஸ் குடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குக் கெங்கவல்லியிலிருந்து போன் வந்தது. பிரியாதான் எடுத்தாள். கேட்டுவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து கணவர் காதில் சொன்னாள்.

"அங்க வரலியாமுங்க. ஒரு மாசமா அந்தப் பக்கமே போகலியாமா."

சபரி தலையை ஆட்டினார். கண் மட்டும் ஐந்தாம் லேன் பக்கம் போய்ப் போய் வந்தது. கயிற்றில் பலூன் கட்டி மறைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு தாண்டியது. ரிக் அணியும் தறி அணியும் கடைசி ஆட்டத்தில் சமமாக நின்றன. ஜனங்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் சபரிக்கு அது கேட்டது.

ஊ...

வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. பிரியாவுக்குக் கேட்டது. ஷூ கொடுக்கும் கவுண்டருக்குப் பின்னால் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கட... கட... கட...

இந்த முறை சத்தம் கனமாக இருந்தது. நின்று... நின்று... வந்தது. யாரோ கைப்பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவதுபோல.

டொக்.

சபரி பலூன்களை விலக்கிக்கொண்டு போனார். திமிலின்மேல் பந்து. குனிந்து பார்த்தார். பார்த்தவர் அசையவே இல்லை. பிரியா நின்ற இடத்திலிருந்து அவர் முதுகுதான் தெரிந்தது. புது வெள்ளைச் சட்டை. முதுகில் வேர்வை மெதுவாக, பெரிய வட்டமாகப் பரவியது.

அவர் திரும்பினார். கூட்டத்தைப் பார்த்தார். கோப்பைகளைப் பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த கடப்பாறையைப் பார்த்தார். நாலு எட்டு வைத்தால் போதும். ஒரு பலகை போதும்.

"என்னுங்க சபரி, அந்த லேன்ல தனியாப் பயிற்சி பண்றீங்களா?" என்று ஒரு ரிக் முதலாளி கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சபரியும் சிரித்தார். சட்டை நுனியை இழுத்து அந்தப் பந்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். வெள்ளைத் துணியில் சாம்பல் கறை. பந்தைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"அடுத்த ஆளு வாங்க! நேரமாச்சுங்க!"

பிரியா ஓடி வந்தாள். "என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. தண்ணி."

போட்டி முடிந்தது. தறி அணி ஜெயித்தது. வந்த கூட்டம் இரவு ஒன்பது வரை போகவே இல்லை. தீவனக்காரர் போகும்போது சபரியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "எனக்கு வேற கொடவுன் பாத்துக்கறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். கொட்டகை பிழைத்துவிட்டது.

திங்கட்கிழமை போலீசில் புகார் கொடுத்தார்கள். சபரி கெஞ்சியதற்காக பக்ருதீன் பாய் வந்தார். இயந்திரங்களுக்குப் பின்னால் இருந்த திறப்பு வழியாகப் பலகைக்கு அடியில் ஊர்ந்து போனார். வெளியே வரும்போது கையில் ஒரு துண்டு. அப்புசாமியின் காவித் துண்டு.

"மண்ணு சரிஞ்சு கல்லு நகந்திருக்கு தம்பி. குழி வாயில இது சுத்தியிருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். இருட்டுதான்." ரெண்டு கையையும் சேர்த்து அகலம் காட்டினார். "இவ்வளவுதான் வாய். ஒரு பெரிய தேங்கா போகாது அதுல. மனுசன் எப்படி...?"

போலீசும் அதையேதான் சொன்னது. ஆள் இறங்க முடியாத குழியில் ஆளைத் தேடுவானேன்? வெளியே தேடினார்கள். இன்னும் தேடுகிறார்கள். பாய் அதற்கப்புறம் மல்லூர்ப் பக்கமே வருவதில்லை.

சிவக்குமார் நிறுத்தினார். கீழே பந்திக்கூடத்தில் யாரோ அண்டாவை நகர்த்தும் சத்தம் கேட்டது. அம்மாசி மாமாவே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"பிரியா அக்கா தனியா வந்திருக்கறாங்களே..." தனப்பிரியா போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். "சபரி மாமா ஏன் வரல?"

"நாளைக்கும் வரமாட்டாரு. உருமத்துக்கு அவரு அங்க இருக்கோணும்."

"ஏன் மாமா? இப்பத்தான் போட்டி முடிஞ்சுதே, கொட்டாய் நல்லா ஓடுதே. அந்தப் பலகையைப் பேத்துப் பாக்க வேண்டியதுதான?"

"அதைத்தான் நானும் கேட்டேன்" என்றார் சிவக்குமார்.

போன வாரம். இதே கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். சர்வீஸ் ரோடு கொதித்தது. வாசலில் ஒரு அட்டை தொங்கியது: பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை விடுமுறை. சாயங்காலமானால் இடம் கிடைக்காத கொட்டகை, அப்போது காலி. சபரி சிரித்த முகமாக வரவேற்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உக்காருங்க சகல, டீ எடுத்துட்டு வாரேன்" என்று பின்பக்கம் போனார்.

சிவக்குமார் உட்கார்ந்த இடத்துக்கு எதிரில்தான் ஐந்தாம் லேன். பிரியா சொல்லிக் கேட்டிருந்ததை எல்லாம் அவர் பாதிதான் நம்பியிருந்தார்.

ஊ...

கட... கட... கட...

டொக்.

எழுந்து ஓடியிருக்கலாம். கால் முன்னால்தான் போனது. கயிற்றைத் தாண்டிக் குனிந்து பார்த்தார். கறுப்புப் பந்து. சேறு பூசியிருந்தது. ஆனால் பிரியா சொன்னதுபோல வழவழவென்று ஒரே பூச்சாக இல்லை.

மூன்று கோடு.

விரலால் இழுத்த கோடு. அப்போதுதான் இழுத்த ஈரம், ஓரத்தில் துளியாகத் திரண்டு நின்றது. மேல்கோடு நீளம். கீழ்க்கோடு நீளம். நடுக்கோடு... பாதியிலேயே நின்றிருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். சபரி டீ டம்ளர்களை ஓரமாக வைத்தார். தோளில் கிடந்த காவித் துண்டை எடுத்தார். பதறவில்லை. தினமும் செய்கிற வேலை என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. முதலில் மேல்கோடு. அப்புறம் கீழ்க்கோடு. நடுக்கோட்டைக் கடைசியாகத் துடைத்தார்.

"சகல..." சிவக்குமார் பந்தைக் காட்டினார். "அப்பா கையி... சகல, கடப்பாறை எங்க? இப்பவே பேத்துரலாம்!"

சபரி அந்தத் துண்டை ரெண்டு கையாலும் பிழிந்தார். பலகைமேல் தண்ணீர் சொட்டியது. நின்று... நின்று... சொட்டிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? நேத்தைக்கு இவ்வளவு இல்ல. ஈரம் எச்சாயிட்டே இருக்குது. தண்ணி வர இன்னும் கொஞ்ச அடிதானுங்க சகல..."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீயை எடுத்து நீட்டினார்.

"நடுவுல நிறுத்தினா அப்பாவுக்குப் புடிக்காதுங்க."